முட்டைத் தட்டோடு மல்லேஸ்வரம்: ‘கல்லா’வை மீட்கப் போன ஒரு ஞாயிறு

பெங்களூருக்கு வேலை தேடிப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள், லால்பாக்கில் பூக்கண்காட்சி பார்க்கப் போவார்கள். நான் போனது, ஒரு கணக்கு சாப்ட்வேரை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சுவதற்கு. வீட்டில் காரணத்தைச் சொன்னதும் என் கணவர் ஒரு வாரம் சிரித்தார். அவர் சிரிக்கட்டும். இதேபோல ஒரு காரியத்துக்கு யாராவது பெங்களூர் போவதாக இருந்தால் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுமதி. நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மண்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, காசு போட்டு சாப்ட்வேர் வாங்க முதலாளி மறுத்துவிட்டார். சர்வீஸ் செய்ய வந்தவர் ‘கல்லா’ என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். விலை கிடையாது. ஓப்பன் சோர்ஸ் என்றார். அதாவது அதன் உள் எழுத்து எல்லோருக்கும் திறந்து கிடக்கும். தெரிந்தவர்கள் திருத்தலாம், தெரியாதவர்கள் குறை சொல்லலாம். இரண்டாவது வகையில் நான் சேர்ந்தேன்.

என் முதல் குறை உடைசல் பற்றியது. கல்லாவில் ஒரு சரக்கு குறைய வேண்டுமென்றால் அது விற்க வேண்டும், வேறு வழியே இல்லை. எங்களுக்கோ தினமும் முட்டை உடையும். அதனால் ‘திரு. உடைசல்’ என்று ஒரு வாடிக்கையாளரைப் படைத்து, உடைந்ததையெல்லாம் அவருக்குப் பூஜ்யம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன். இதை ஒரு நாள் கல்லாவின் மடல் குழுவுக்கு எழுதினேன். எட்டாம் நாள் கல்லாவிலேயே ‘உடைசல்’ என்று ஒரு தனிப் பதிவு வந்துவிட்டது. அதையும் கல்லாவையும் எழுதியவர் எட்வின். கோலார் தங்கவயல்காரர், பகலில் ஒரு கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லா. ‘திரு. உடைசலுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று பதில் போட்டிருந்தார். அன்று முதல் அந்தக் குழுவில் நான் முட்டை அக்கா. மெனுக்களையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். கன்னடத்தில் மைசூர் பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதினார்.

2007 பிப்ரவரியில் எட்வினிடமிருந்து ஒரு மடல் வந்தது. ஆறு மாதமாகக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. கல்லாவை இப்போது யாரும் பயன்படுத்தவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மார்ச் முடிவோடு நிறுத்துகிறேன். அவ்வளவுதான் விஷயம். ஏப்ரலில் புதுக் கணக்கு ஆண்டு பிறக்கும், வரி விதி மாறும், யார் மாற்றிக் கொடுப்பார்கள்? மண்டியின் மூன்று வருடக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. அதைவிட, முகம் பார்க்காத அந்தத் தம்பி மேல் எனக்குப் பாசம் இருந்தது. நான் இருக்கிறேனே என்று எழுதினேன். நன்றி அக்கா, ஆனால் நீங்கள் ஒருவர்தானே என்று பதில் வந்தது. பெங்களூரில் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று குழுவில் கேட்டேன். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி ஒரே ஒரு பதில் வந்தது: முனிரத்தினம், கண்ணாடிக் கடை, நீலசந்திரா. ஒன்றை விட இரண்டு மேல் என்று, மல்லேஸ்வரத்தில் இருக்கிற எட்வினுக்கும் அவருக்கும் வருகிறேன் என எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரைக்கு நாமக்கல்லில் பஸ். சேலம் 55 கிலோமீட்டர், 18 ரூபாய். அங்கிருந்து பெங்களூர் 200 கிலோமீட்டர், 82 ரூபாய். மடியில் முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டு. வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? பக்கத்து சீட்டுக்காரர் தர்மபுரி வரை என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிருஷ்ணகிரி வந்ததும் எழுந்து நின்றுகொண்டார். ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், தொப்பூர் கணவாயில் காற்று காதை அறுக்கும்.

கர்நாடக எல்லை தாண்டியதும் அத்திபெலேயில் பஸ் நின்றது. செக்போஸ்டுக்காக லாரிகள் வரிசை கட்டி நின்றன, அதில் நாலைந்து எங்கள் ஊர் முட்டை லாரிகள். வெயிலில் அவை நிற்க நிற்க என் கை தானாக உடைசல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அங்கே முக்கால் மணி நேரம் போயிற்று. அதன் பிறகு ஓசூர் ரோடு முழுக்க மேம்பால வேலை. மடிவாளாவில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால். இந்த வழியில் வருபவர்கள் எந்த நேரம் சொன்னாலும் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள்.

ஆட்டோக்காரரிடம், மனப்பாடம் செய்து வைத்திருந்த கன்னடத்தில் “நீலசந்திரா ஹோகபேகு” என்றேன். அவர் தட்டைப் பார்த்தார்.

“நாமக்கல்லாம்மா? ஏறுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல நான் பாத்துக்கறேன்” என்றார் தமிழில். மீட்டருக்கு மேல் பைசா கேட்கவில்லை, 38 ரூபாய். இரண்டு முட்டைகள் உடைந்தது அவர் வண்டியில் அல்ல, ஓசூர் ரோட்டில்.

நீலசந்திராவின் தெருக்களில் வீடும் கடையும் தோள் உரசி நிற்கின்றன. முனிரத்தினம் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். தெரு முழுக்க அவர் கண்ணாடிகளில் தெரிகிறது. ஐம்பது வயது, கட்டை மீசை, குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும்.

“வாங்கக்கா! இருங்க, மல்லேஸ்வரத்துக்கே ஒரு டெலிவரி இருக்குது. ஒரு டெய்லர் கடைக்கு ஆளுயரக் கண்ணாடி. அதுலயே போய்டலாம், பஸ்ஸுக்கு எதுக்கு சும்மா துட்டு?”

அப்படியாக, நகரத்தைக் குறுக்கே கடக்கும் பதினோரு கிலோமீட்டரை ஒரு லக்கேஜ் ஆட்டோவில் கடந்தேன். பின்னால் சாக்கு சுற்றிய கண்ணாடி, முன்னால் மடியில் முட்டை. முனிரத்தினம் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. உடையக்கூடிய சரக்கோடு பிழைக்கிறவர்களுக்குள் ஓர் ஒட்டுதல் உண்டு. வழி முழுக்க அதைத்தான் பேசினோம். கல்லாவின் உடைசல் பதிவு இல்லாவிட்டால் தனக்குக் கடையே இல்லை என்றார். அதைக் கேட்டு வாங்கியது நான்தான் என்றதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, “அக்கா, அது நீங்களா!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பூவும் காய்கறியுமாகக் கூட்டம். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு காபி குடித்தோம். ஆறு ரூபாய், அதைவிட நல்ல காபி அந்த விலைக்கு எங்கும் கிடைக்காது. எட்வின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம், மாடியில் இரண்டு அறை. கதவைத் திறந்தது அவர் மனைவி ஸ்டெல்லா. முட்டைத் தட்டை வாங்கிக்கொண்டே, “முட்டை அக்கான்னா நெஜமாவே முட்டையோட வருவீங்கன்னு நெனக்கல” என்றார்.

எட்வினுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லி, கூச்சம். பஸ்ஸில் தயார் செய்த பேச்சை முழுவதும் ஒப்பித்தேன். மண்டி, மூன்று வருடக் கணக்கு, எங்களை நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

“நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெரிய விஷயம்க்கா. ஆனா பாருங்க, ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ஒரு மெயில் இல்ல. டவுன்லோட் பண்றாங்க, யூஸ் பண்றாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேருக்காக ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்திருந்தா ஸ்டெல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “சாப்பிடக் கூப்ட்டா எழுந்து வந்தா போதும்.”

முனிரத்தினம் தன் பங்குக்குப் புகழ ஆரம்பித்தார். “பஸ்ட் கிளாஸ் சாப்ட்வேர் சார். ஒரு குறை கெடையாது. ஒண்ணுகூட கெடையாது.” அவர் புகழப் புகழ எட்வின் முகம் வாடியது. ஒரு வேலையும் மிச்சமில்லாத இடத்தில் நான் எதற்கு என்பது போல இருந்தது அந்த முகம். வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன். இருபத்தெட்டு முட்டையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஸ்டெல்லா முட்டைக் குழம்பு வைத்துச் சோறு போட்டார். சும்மா பேச்சுக் கொடுப்பதற்காக, கண்ணாடிக்கு எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்று முனிரத்தினத்திடம் கேட்டார்.

“ஒரு ஷீட்டு ஒடஞ்சா முழுசா ஒடஞ்சதுன்னு போட்ருவேன்மா. ஆனா கண்ணாடி முழுசா ஒடையாதில்ல? பாதி நல்லாருக்கும், போட்டோ ஃபிரேமுக்கு ஆவும். அதனால அந்தப் பாதிய எங்கிட்ட இருந்து நானே வாங்கின மாதிரி ஒரு பர்ச்சேஸ் போடுவேன்.”

எட்வின் மெல்வதை நிறுத்தினார். “ஒடைசல்ல பாதின்னே போடலாமே?”

“போட்டா அது ஒத்துக்கல சார். முழு எண்தான் கேக்குது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மைதான், முட்டைக்காகக் கேட்டு வாங்கிய பதிவு அது. முட்டையில் பாதி உடைவது என்று ஒன்று கிடையாது.

“எப்ப இருந்து இப்படி?” என்றார் எட்வின்.

“மொதல்ல இருந்தே. ரெண்டு வருசம் இருக்கும்.”

“ஏன் சார் எழுதல?”

முனிரத்தினம் சங்கடமாக நெளிந்தார். “நீங்க சும்மா குடுக்கறீங்க. சும்மா குடுத்ததுல நொட்ட சொன்னா நல்லாவா இருக்கும்? விருந்துக்குப் போன எடத்துல உப்பு கம்மின்னு சொல்வமா?”

“இன்னிக்குக் குழம்புல உப்பு கம்மிதான். சொல்லலாம்” என்றார் ஸ்டெல்லா.

முனிரத்தினம் குழம்பை இன்னொரு தடவை ருசி பார்த்தார். “சொல்ப கம்மிதாம்மா” என்றார். சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது.

எட்வின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், விளக்குப் போட்டது போல ஆகியிருந்தது. “ஒங்க தெருவுல வேற யாராவது யூஸ் பண்றாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நாலு கடை சார். நான்தான் சிடி போட்டுக் குடுத்தேன். வளையல் கடை, டைல்ஸ் கடை...”

“அவங்களுக்கும் எதாவது குறை?”

“இல்லாம? நெறைய இருக்குது. ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க, நல்ல மனுசங்க.”

பாதிச் சோற்றை வைத்துவிட்டு எட்வின் கை கழுவப் போனார். நாங்கள் மரியாதை என்று நினைத்துக் காத்த மௌனம் அவருக்கு ஆளில்லாத வீடாகத் தெரிந்திருக்கிறது. பயன்படுத்துகிறவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றாது, குறை சொல்லக் கூச்சம். செய்து கொடுத்தவருக்கு இருட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

அதன் பிறகு நடந்ததுதான் நான் நேரில் பார்த்த கல்லா வேலை. எட்வின் எழுதினார், முனிரத்தினம் அரை ஷீட்டையும் கால் ஷீட்டையும் உடைத்து உடைத்துப் பார்த்தார், எல்லாம் திரையில்தான். சரியாகிவிட்டது என்று நிமிர்ந்தபோது ஸ்டெல்லா குனிந்து, முட்டை முப்பது, உடைசல் இரண்டரை என்று தட்டினார். கல்லா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

“ஐயோ, எங்க மண்டியில யாருங்க அரை முட்டைய ஒடைக்கறது!” என்று நான் கத்திவிட்டேன். கல்லாவை மறுபடி பிரித்தார்கள். எந்தச் சரக்கு பாதியாக உடையும், எது முழுசாகத்தான் உடையும் என்று சரக்குக்குச் சரக்கு சொல்லிக்கொள்ள வழி செய்தார் எட்வின். மறுபடி இரண்டரை போட்டோம். கல்லா மறுத்தது. அன்று பஸ்ஸில் உடைந்துபோன இரண்டு முட்டைகள் அப்படியாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டன.

மார்ச்சைப் பற்றி எட்வின் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கேட்கப் பயமாக இருந்தது. ஐந்தரைக்குக் கிளம்பி மெஜஸ்டிக்கில் சேலம் பஸ் பிடித்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஞாயிறு மாலை மெஜஸ்டிக்கில் சீட்டுக்கு அடிதடி, நாலு மணிக்கே போய்விடுங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைத் தட்டை வேண்டுமானால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் காபி, ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்த்து 244 ரூபாய் ஆயிற்று. முட்டையும் முனிரத்தினத்தின் வண்டியும் கணக்கில் இல்லை. போக முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஒன்று செய்யலாம். இலவசமாக வந்த எந்த சாப்ட்வேரையாவது பயன்படுத்துகிறீர்களா? அதில் குறை இருந்தால் எழுதுங்கள். என்ன தட்டினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றும் போதும். தமிழில் எழுதினாலும் யாராவது படித்துச் சொல்வார்கள்.

ஏப்ரல் முதல் தேதியும் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. காலை பத்து மணிக்கு ஸ்டெல்லாவிடமிருந்து போன்.

“அக்கா, இன்னில இருந்து இந்த மனுஷன் ஃப்ரீ ஆயிடுவார்னு நெனச்சேன். நல்லா மாட்டிவிட்டுட்டீங்க. நீலசந்திராவுல இருந்து பதினோரு கம்ப்ளைண்ட். வளையல்காரர் மட்டுமே அஞ்சு. எழுந்ததுல இருந்து கம்ப்யூட்டர விட்டு நகரல.”

“கோவமா ஸ்டெல்லா?”

அவர் போனை உள் அறைப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. பின்னால் எங்கோ ஓர் ஆண் குரல் ராகம் தப்பிப் பாடிக்கொண்டிருந்தது.

“கேக்குதாக்கா?” என்றார் ஸ்டெல்லா. “ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் பாடறாரு.”