கொக்கட்டிச்சோலையில் அடிக்கப் போன கதை

என்னை மூத்த ‘ரொக்’ பாடகர் என்று சொல்லிப் போன மாதம் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கக்கேடு. நான் பாடிய ஆங்கிலப் பாட்டுகளில் ஒரு வரிக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது. கசெற்றில் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படியே கத்தினேன். தோள்வரை முடி வளர்த்ததுதான் என் சங்கீத ஞானம். அதுவும் இப்போது கொட்டிவிட்டது.

யுத்த காலம். மட்டக்களப்பில் ஷெல் விழாத நாட்களில் கலியாணம் நடக்கும், கலியாணம் நடந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். ட்ரம்ஸ் அடித்தவன் என் கூட்டாளி. அவனுடைய தங்கையை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

அன்றைக்குக் கொக்கட்டிச்சோலையில் ஒரு கலியாணம். வாவியைக் கடக்க நாங்கள் ‘பாதை’ என்று சொல்கிற மிதவையில் ஏற வேண்டும். ஏறும் இடத்தில் ஆமிச் சென்றி, இராணுவக் காவலரண். கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன், நாங்கள் தூக்கி வந்த சாக்குகளில் என்ன இருக்கிறது என்று கேட்டான். என் கூட்டாளி மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னான்.

“செற் ஐயா. இண்டைக்குக் கொக்கட்டிச்சோலையில அடிக்கப் போறம்.”

எங்களுக்குச் செற் என்றால் வாத்தியம், அடிப்பது என்றால் வாசிப்பது. அந்தச் சிப்பாய் படித்த தமிழில் செற் என்றால் இயக்கப் பெடியள் கதைக்கிற வோக்கிடோக்கி. அடிப்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அடுத்த நிமிடம் கூட்டாளி வெயிலில் முழங்காலில் நின்றான், கைகள் தலைக்கு மேலே. சாக்கை அவிழ்த்து ட்ரம்மைக் கண்ட பிறகும் விடவில்லை. அப்படி முழங்காலில் நின்ற எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அவன் தாய்க்கும் தங்கைக்கும் என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

சென்றிக்குள்ளேயிருந்து அவர்களுடைய பெரியவன், அதிகாரி, வந்தான். பாட்டுக்காரர் என்றால் பாடு என்று ஆங்கிலத்தில் சொல்லி, என்னைப் பார்த்துக் கையை அசைத்தான். பாடினேன். மைக் இல்லை, கிற்றார் இல்லை, நாக்கில் எச்சிலும் இல்லை. கால் நடுங்கியது, மேடையில் அதைத்தான் ஸ்டைல் என்று சனம் கைதட்டும். குரல் பல்லவியிலேயே பிளந்தது. இது என்ன பாஷை என்று பெரியவன் ஆங்கிலத்தில் கேட்டானாம். “யெஸ் சேர்” என்றேன். அடுத்த கேள்விக்கும் அதுதான் பதில்.

பெரியவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்படிப் பாடுகிறவனை எந்த இயக்கமும் சேர்க்காதாம் என்று சிப்பாய் எங்களுக்கு மொழிபெயர்த்தான். கூட்டாளியை எழும்பச் சொன்னார்கள். சாக்குகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறினோம்.

போன மாதம் பொன்னாடையோடு இறங்கி வந்தபோது அவன்தான் முன்வரிசையில் இருந்தான். இப்போது என் மனைவியின் அண்ணன். என்னைப் புகழ்ந்தவர்கள் எல்லாம் போகட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் வந்தான்.

“மச்சான், அண்டைக்கு நீ ஒழுங்காப் பாடியிருந்தா என்னை விட்டிருக்க மாட்டானுகள்.”

இருவரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.