அரைக்கட்டையின் சனிக்கிழமைச் சவரம்

சலூன்காரருக்குச் சபையில் வைத்திருந்த பெயர் அரைக்கட்டை. ஆள் ஒன்றும் குட்டையில்லை, வாசலில் குனிந்துதான் நுழைவார். தேவாலயப் பாடகர் குழுவில் எல்லாரும் ஒரு சுருதியில் போனால் இவர் குரல் மட்டும் அரைக்கட்டை கீழே இறங்கித் தன் பாட்டுக்கு நடந்துபோகும். குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. முழுச் சபையும் பார்க்க, "நீங்க இனிமே உட்கார்ந்தே ஆராதிக்கலாம்" என்று சொல்லி அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அரைக்கட்டை அந்த முகத்தில் முழிப்பதில்லை. பின்வரிசைக்குப் போய், பிரசங்கம் தொடங்கியதும் கண்ணை மூடிவிடுவார். வீட்டு ஜெபத்திலும் அதே கதை. மனைவி உலகத்துக்கெல்லாம் வேண்டி முடித்து ஆமென் சொன்னால், பதிலுக்குக் குறட்டை வரும்.

"ஏங்க, ஆண்டவர்கிட்ட பேசுறப்பகூடவா தூங்குவீங்க?"

"நீ விட்டாத்தானே நான் பேச? பாவம், அவருக்கே இடம் கிடைக்கல."

"அப்போ கடையில போய் ஜெபம் பண்ணுங்க. கையில கத்தி இருந்தாலாவது முழிச்சிருப்பீங்க."

அவள் கோபத்தில் சொன்னதை அவர் வீம்புக்குச் செய்தார். மறுநாள் கடைக்கு முதலில் வந்தவரின் தலையைச் சாய்த்துக் கை வைத்ததும் மனசுக்குள், 'ஆண்டவரே, இவருக்குப் பொடுகையும் பொறாமையையும் சேர்த்து எடுத்துப்போடும்' என்றார். அடுத்து வந்த வழுக்கைக்கு, 'மிச்சமிருக்கிறதையாவது காப்பாற்றும்.' பேசியே கொல்லும் வக்கீலுக்கு, 'இந்த வாய்க்கு ஒரு சின்னப் பூட்டு.' சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "உங்க பேராயரைவிட நான்தான் நிறைய தலையில கை வைக்கிறேன்" என்று பீற்றிக்கொண்டார். மனைவி கரண்டியை ஓங்கினாள்.

கிண்டலாகத் தொடங்கியது பழக்கமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு தலைக்கு வேண்ட வேண்டுமென்றால் அந்தத் தலையைக் கொஞ்சம் பார்க்கவும் வேண்டியிருந்தது. காதுக்குப் பின்னால் தையல் தழும்பு, தூக்கம் கெட்ட கண், துண்டைப் போர்த்தியதும் தளர்ந்து விழும் தோள். சில தலைகளுக்கு நகைச்சுவை வரவில்லை. 'இவரைப் பார்த்துக்கும்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். இதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்தது அவளாகிவிடும்.

இந்தச் சமயத்தில்தான் கொயர் மாஸ்டர் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் போச்சு, வாய் கோணிப் பேச்சும் போச்சு. அவருடைய மனைவி கடை வாசலில் வந்து தயங்கி நின்றாள்.

"அண்ணா, அவருக்குத் தாடி காடு மாதிரி வளர்ந்து கிடக்கு. எனக்குக் கை நடுங்குது. நீங்க கொஞ்சம் வந்து..."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சனிக்கிழமை வரேம்மா" என்று வந்துவிட்டது.

சனிக்கிழமை கொயர் மாஸ்டர் தலையணையில் சாய்ந்து கிடந்தார். இவரைப் பார்த்ததும் ஒரு கண் மட்டும் விரிந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிய ஆள் படுக்கையில், பறிகொடுத்தவன் கையில் சவரக்கத்தி. பயம் வராதா? அரைக்கட்டைக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சோப்பு நுரையை நிதானமாகத் தடவினார். தாடையைப் பிடித்துக் கழுத்தில் கத்தியை வைத்ததும், பழக்கதோஷம், ஜெபம் வந்துவிட்டது. 'ஆண்டவரே, இவருக்கு' என்று தொடங்கி அங்கேயே நின்றது. கேட்பதற்கு நல்லதாக ஒன்றுகூடத் தோன்றவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னார்: 'இந்த ஆளை எனக்குப் பிடிக்கல. உமக்குப் பிடிச்சிருக்கு போல. நீர் உம்ம வேலையைப் பாரும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.'

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. கோணிய வாயோரம் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தார். கை வேலையில் ஓட, தன்னையறியாமல் ஒரு கீர்த்தனையை முனக ஆரம்பித்தார்.

"தப்பு" என்றது தலையணை.

விழுந்த நாளிலிருந்து கொயர் மாஸ்டர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை அது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வாய் நேராகவே இல்ல, அதுக்குள்ள குறை சொல்ல வந்தாச்சு" என்றார் அரைக்கட்டை.

கொயர் மாஸ்டரின் பாதி முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கன்னம் மேலே ஏறி, கத்தி லேசாகக் கீறிவிட்டது. படிகாரத்தை வைத்து அழுத்தினார். கொயர் மாஸ்டர் தலையைத் திருப்பி மறு கன்னத்தைக் காட்டினார்.

"வேதத்துல சொன்னதைச் செய்யறாரு பாரும்மா" என்றார் அரைக்கட்டை. இப்போது அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

செய்தி கேட்டுப் போதகர் கடைக்கே வந்தார். "இந்த அற்புதத்தை நீங்க சபையில சாட்சியா சொல்லணும்."

"அது அற்புதம் இல்ல பாஸ்டர், அந்த ஆளோட குணம்" என்று சொல்லி, வந்ததுதான் வந்தார் என்று போதகரையும் நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் தலைக்கு அன்று என்ன வேண்டினார் என்று யாருக்கும் தெரியாது. வேண்டி முடிக்க மட்டும் சற்று நேரம் பிடித்தது.

சனிக்கிழமைச் சவரம் மட்டும் நிற்கவில்லை. கொயர் மாஸ்டருக்கு வாரம் ஒன்றிரண்டு வார்த்தைகள் திரும்பின. பெரும்பாலும் திட்டுகள். அரைக்கட்டை வேண்டுமென்றே அதே கீர்த்தனையை எடுப்பார், அவர் திட்டுவார், இவர் இன்னும் சத்தமாகப் பாடுவார். அந்த வீட்டு ஜன்னலை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாத்தச் சொல்லிவிட்டார்கள்.