விசில் வராத குக்கரில் வெந்த கறி

அருள்புரத்தில் பனியன் தைக்கும் எனக்குத் தம்பி, மின்சாரத்தில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வாங்கித் தந்தான். ஞாயிறு காலை பன்றிக்கறியை முழுத்துண்டாக மசாலா தடவி அதில் வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போனோம். மாலையில் கம்பெனித் தோழிகளுக்கு விருந்து.

மதியம் வந்து பார்த்தால் கொதியும் இல்லை, விசிலும் இல்லை. திறந்து திறந்து குத்திப் பார்த்தேன். கறி கட்டையாகவே இருந்தது.

"ஏட்டி, இது எந்தக் காலத்துல வேக? பிரஷர் குக்கருக்கு மாத்து!" என்றார் கணவர். அதன் கேஸ்கெட்டோ கிழிந்திருந்தது. வேறு வழியின்றி மூடிவிட்டு, மானம் போகக் கூடாதே என்று ஜெபித்தேன்.

தோழிகள் வந்ததும் பயந்துகொண்டே திறந்து கரண்டியால் தொட்டேன். பனியன் துணியில் நூல் உருவுவதுபோல் கறி இழை இழையாகப் பிரிந்தது.

"அக்கா, கத்தியே வெக்காம பிரியுதுங்க!" என்றாள் தோழி கவிதா.

திறந்தால் சூடு போய்விடும் என்பதால் இப்போதெல்லாம் வைத்தபின் மூடியைத் தொடுவதில்லை. கணவர்தான் எதிரே நாற்காலி போட்டு, கண்ணாடி மூடி வழியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.