பிடரியில் எழுந்த மூன்று தடிப்புகள்

1953ஆம் ஆண்டு ஜூலை 12, ஞாயிறு காலை ஒன்பதே முக்கால் மணி. நாகர்கோவிலில், ஆலயத்தில் இரண்டாம் பாட்டுக்கு எழுந்து நின்றபோது என் பிடரியில் அரிப்புத் தொடங்கியது. மூன்று நாளில் அந்த இடம் சிவந்து கொப்பளித்தது.

நான் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவி, விடுதியில் தங்கியிருந்தேன். குஷ்டம் என்றே நினைத்தேன். அப்படியானால் விடுதி இல்லை, படிப்பும் இல்லை. ஒருவரிடமும் சொல்லாமல் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டேன். அழுக்குத்தான் காரணமோ என்று, தினமும் வெளுத்து வந்த ரவிக்கையாகவே மாற்றி அணிந்தேன். தடிப்பு இன்னும் வீங்கியது.

“ஆண்டவரே, இதை எடுத்துப்போடும்” என்று பத்து நாள் கெஞ்சினேன். பதினோராம் நாள், “இதைக் காட்டத் தைரியமாவது தாரும்” என்று கேட்டேன். ஆமென் சொல்லி எழுந்தால், எதிரே அறைத்தோழி கிரேஸ்.

“ஏட்டி, கழுத்துல என்ன புதையலா வச்சிருக்க? எடு கையை.”

எடுத்தேன். அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றாள்.

குஷ்டமோ என்ற பயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, வேறெங்கும் உண்டா, புதிதாக எதையும் தின்றாயா, பூசினாயா என்று விசாரித்தார். பிறகு கண்களை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டார். தொட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன்.

“குஷ்டம்னா மரத்துப் போயிருக்கும். இது தொட்டா தெரியுது, அரிக்கவும் செய்யுது. நீ பயந்த நோய் இது இல்ல மக்கா. ரவிக்கையோட உள்பக்கத்தக் காட்டு.”

கழுத்துப் பட்டியில் மூன்று கறுப்புப் புள்ளிகள். பிடரியில் அதே இடத்தில் மூன்று தடிப்புகள். துணி மாறிப்போகிறது, பெரிதாக அடையாளம் இடுங்கள் என்று விடுதிச் சலவைக்காரரிடம் வற்புறுத்தியவள் நானே. அவர் வழக்கம்போல, துவைத்தாலும் அழியாத சேங்கொட்டைப் பாலால் குறியிட்டிருந்தார். அது சிலருடைய தோலுக்கு ஆகாதாம். நான் மாற்றி மாற்றி அணிந்த அத்தனை ரவிக்கையிலும் அதே குறி!

“துணிக்கு மட்டுமில்ல, ஒனக்கும் சேத்துல்லா குறி போட்டிருக்காரு!” என்றாள் கிரேஸ். பல நாளுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தேன்.

குறிகளை வெட்டியெறிந்து மருந்து பூசியதும் சில நாட்களில் தோல் தெளிந்தது. கர்த்தர் என் தடிப்பை நீக்குமுன் என் பயத்தை நீக்கினார். அந்த நன்றி இன்றும் குறையவில்லை. சகோதரிகளே, மறைத்து வைத்திருப்பதை அவரிடம் சொல்லுங்கள். அவர் அனுப்பும் மனிதரிடம் காட்டவும் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சென்றதற்கு மறுநாள் காலை, குளியலறை வாசலில் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னைக் கண்டதும் சட்டென்று தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். யாரிடமும் நானாகப் பேச்செடுக்காதவள், அவளிடம் நேராகப் போனேன்.

“பயப்படாத மக்கா. ரவிக்கையைத் திருப்பிக் காட்டு.”