ஆசிரமத்து அளவு ஜாக்கெட்

எங்கள் தெருவில் அவருக்கு 'நாளைக்கு டெய்லர்' என்று பெயர். துணி கொடுத்தவர்கள் எப்போது வந்து கேட்டாலும், வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே "நாளைக்கு" என்பார். அந்தக் கடையில் காஜா போடுவதும் ஹூக் வைப்பதும் என் வேலை. திட்டு வாங்குவதும் என் வேலைதான். அவர் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வார். வந்தவர்கள் என் மூஞ்சியைப் பார்த்துக் கத்திவிட்டுப் போவார்கள்.

அவர் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தது ஒரே ஓர் இடத்துக்குத்தான். ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த ஆசிரமத்துக்கு. சாமி காரியத்தில் விளையாடக் கூடாது என்று பயம். அங்கே புதிதாகத் தங்க வரும் பெண்களுக்கு வெள்ளை ஜாக்கெட் தைக்க வேண்டும். வேன் டிரைவர் வெள்ளைத் துணியோடு, அந்தப் பெண் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாக்கெட் ஒன்றையும் அளவுக்கு வைத்துவிட்டுப் போவான். முதல் தடவை தைத்து முடித்து அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்க. இனிமே அது அவங்களுக்கு எதுக்கு?"

"அடுத்த செட்டு தைக்க அளவு வேணாமா?" என்றார் டெய்லர்.

"வேணாம். கொஞ்ச நாள்ல உள்ள எல்லாரும் ஒரே அளவுக்கு வந்துடுவாங்க" என்று சிரித்தான்.

ஆசிரமம் என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. மெஷின் ஓடாத நேரத்தில் எட்டிப் பார்ப்பவர்கள் "என்னப்பா, கடை ஆசிரமம் மாதிரி இருக்கு" என்பார்கள். ஆதரவில்லாதவர்களை வைத்துச் சோறு போடும் இடத்துப் பலகையிலும் அதே பெயர்தான். கதைகளில் வரும் ஆசிரமமோ காட்டுக்குள் ஒரு குடிசை. மான் வரும், ராஜா வந்து முனிவரைக் கும்பிட்டுவிட்டுப் போவான், வாசலில் தடுப்பாரே கிடையாது. பாடுபட்டுத் தவம் செய்யும் இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம் என்று டிரைவர் ஒருநாள் பெருமையாகச் சொன்னான். பாடுபட எதற்கடா அத்தனை உயரத்துக்கு இரும்புக் கேட் என்று நாக்கு நுனிவரை வந்தது. எதற்கு வம்பு என்று காஜாவில் குனிந்துகொண்டேன்.

டெய்லரின் மனைவி, எனக்கு அண்ணி. அண்ணிக்கு அது சண்டைக்குரிய சொல்.

"நான் பேசாம ஆசிரமத்துக்குப் போயிடறேன்."

"போயேன். உனக்கு வெள்ளை நானே தெச்சுத் தரேன்."

"நீங்களா? நாளைக்கு நாளைக்குன்னே என்னைக் கிழவியாக்கிடுவீங்க."

"குடும்பம் நடத்துறதும் ஒரு ஆசிரமம்தான், தெரியுமா? பெரியவங்க வாழ்க்கையை நாலாப் பிரிச்சு, நாலுக்கும் அந்தப் பேரைத்தான் வெச்சிருக்காங்க."

"அப்ப இந்த ஆசிரமத்துல எனக்கு லீவு எப்ப?"

மூன்று பேரும் சிரிப்போம். ஆனால் அண்ணி ஆசைப்பட்டு வாங்கித் தந்த மயில் கழுத்து நிறத் துணி வெட்டாமலேயே அலமாரியில் கிடந்தது. நம் வீட்டுத் துணிதானே என்று அவர் விட்டுவிட, ஊரார் துணியெல்லாம் அதன் மேல் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் ஓர் அம்மாள் கடைக்குள் வந்து, மூலையில் குவிந்திருந்த அளவு ஜாக்கெட்டுகளில் ஒன்றை உருவினாள். "இது என் பொண்ணோடது. இங்க எப்படி வந்துச்சு?" டெய்லர் சொன்னார். அவளுக்கு மீதி தெரிந்திருந்தது. வெள்ளை போட்டதும் பெயரை எடுத்துவிடுவார்களாம், பெற்றவள் போய் நின்றாலும் பார்க்க விடமாட்டார்களாம். அந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு கொண்டுவந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கயாவது அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அண்ணி கிளம்பிய அதே வாரத்தில் வேன் வந்தது. டிரைவர் பையை மேசையில் வைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத அவசரத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். டெய்லர் அளவு ஜாக்கெட்டை உதறி உள்தையலைப் புரட்டினார். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம் என்று இரண்டு பக்கமும் தாராளமாக விட்டிருந்த துணி. கீழ் ஹூக் இரண்டும் நான் மாற்றி வைத்தவை. அது அண்ணியின் ஜாக்கெட்.

அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். அண்ணி அங்கே போகவே இல்லை. மேட்டுக்கு ஓடினார். "மௌனத்துல இருக்காங்க. இப்போதைக்கு முன்கட்டுலதான். வெள்ளை வந்ததும் உள்ள போயிடுவாங்க" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விவரம் தெரிந்த பொம்பளை தானாகப் போனால் நாங்கள் என்ன செய்ய என்று போலீசில் கைவிரித்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் வெள்ளைத் துணியைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் தள்ளினார்.

"இது போகாம அவளை உள்ள சேக்க மாட்டாங்க தங்கச்சி. அதுக்குள்ள கோபம் தணிஞ்சு வந்துடுவா. நான் தைக்கவே போறதில்ல."

"டிரைவர் வந்து கேட்டா என்னண்ணே சொல்ல?"

"நாளைக்குன்னு சொல்லு."

சொன்னேன். மெஷின் ரிப்பேர், நாளைக்கு. நூல் சேரவில்லை, நாளைக்கு. அந்தக் கடன்காரன் கத்திய கத்தலை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இவர் அலமாரியைக் கலைத்து அந்த மயில் கழுத்துத் துணியை எடுத்து வெட்டினார். அண்ணி வரும்போது போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஊரார் துணி ஒன்றையும் தொடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

அப்புறம் வேன் வருவது நின்றுபோனது.

"விட்டுட்டாங்க, பாத்தியா" என்றார். முகம் தெளிந்திருந்தது. நான் அண்ணியின் ஜாக்கெட்டுக்குக் கடைசி ஹூக்கை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த தையல் கடை முன்னால் அந்த வேன் நின்றிருப்பதைப் பார்த்தேன். டிரைவர் வெள்ளைப் பொட்டலம் ஒன்றோடு வெளியே வந்தான். டெய்லர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அவ அளவு எங்கிட்டதான இருக்கு? அது இல்லாம எப்படிடா தெச்சாங்க?"

டிரைவர் பொட்டலத்தை சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

"அண்ணி அங்க வந்து இத்தனை நாளாச்சேண்ணே. இனிமே அவங்களுக்கு அளவு எதுக்கு?"