உப்புப் போடாத ரவை

பேய் பிசாசு எண்டு ஆராவது என்னட்ட வந்து கதைச்சா முந்தி நான் விளக்குமாத்தைத்தான் தூக்குவன். சும்மா சொல்லேல்ல தங்கச்சி. நான் பிறந்தது மலையில, தேயிலைத் தோட்டத்து லயத்தில, வரிசையாக் கட்டின கூலி வீட்டில. லயத்துக்குப் பின்னால கூப்பிடு தூரத்தில சுடலை, அதுக்குள்ள விறகு பொறுக்கித்தான் எங்கட வீட்டு அடுப்பு எரிஞ்சது. பிறகு கலவரத்தில அடிபட்டு வன்னிக்கு வந்து, காட்டை வெட்டி, யானையோடயும் பாம்போடயும் கிடந்தெழும்பின ஆள் நான், எனக்கெங்கால பயம்? அதால இப்ப நான் சொல்லுறதைக் கேட்டு நீங்கள் சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது, உங்கட இடத்தில இருந்தா நானும் சிரிச்சிருப்பன். ஆனா நடந்தது. என்ர ரெண்டு கண்ணாணை நடந்தது.

சண்டையால கிளிநொச்சிச் சனமெல்லாம் எழும்பி ஸ்கந்தபுரத்தில வந்து குந்தியிருந்த காலம். ஒரு தறப்பாளுக்குக் கீழ ரெண்டு குடும்பம். அந்த நேரத்தில பிள்ளையளுக்குச் சங்கீதம் சொல்லிக்குடுக்கவேணும் எண்டு மூண்டு பேர் வெளிக்கிட்டுதுகள் பாருங்கோ, அதுகளை என்னெண்டு சொல்லுறது? ஊர்ச்சனம் மண்சுவர் வைச்சுக் கிடுகு போட்டு ஒரு மண்டபம் கட்டிக் குடுத்தது. வாய்ப்பாட்டுக்குச் சுகந்தி ரீச்சர், மிருதங்கத்துக்கு அவான்ர மனுசன் நாதன் சேர், வயலினுக்குச் சோமு மாஸ்டர். நாலாவது ஆள் நான். கூட்டுறது, தண்ணி அள்ளுறது, வகுப்பு நடக்கேக்க சுருதிப்பெட்டி அமத்துறது. அந்தப் பெட்டியில ஒரு காத்துப் பை இருக்கும், அதை விடாமல் கையால அமத்திக்கொண்டிருந்தாத்தான் ம்ம்ம் எண்டு ஒரே சத்தமா வரும், அதைப் பிடிச்சுத்தான் எல்லாரும் பாடுறது. எனக்குப் பாட்டும் தெரியாது கூத்தும் தெரியாது. "லயத்தில பிறந்தும் உனக்கு லயம் வரேல்லையே பாக்கியம்" எண்டு மாஸ்டர் நக்கலடிப்பார். அந்தாளுக்கு வயலின் வில்லை விட நாக்கு நீளம்.

மிருதங்கத்தைப் பற்றி ஒண்டு சொல்லவேணும், இல்லாட்டி பிறகு விளங்காது. அதின்ர இடப்பக்கத்துத் தோலில கிண்டின ரவையை ரொட்டி மாதிரி அப்பினாத்தான் 'தொம்' எண்டு நாதம் வரும். வாசிச்சு முடிஞ்ச கையோட அதைச் சுரண்டி எடுத்துப்போட வேணும், விட்டா எலி வந்து தோலையும் சேத்துத் திண்டுபோடும். அந்த நாளையில சாமான் தடையால வன்னிக்குள்ள ரவையைக் கண்ணாலயும் காணேலாது. நாதன் சேர் வவுனியாவால வாற ஆக்களிட்டச் சொல்லி எப்பிடியோ எடுப்பிச்சுப் போடுவார். மிருதங்கத்துக்கு ஒரு உருண்டை காணும், ஆனா ஆறு உருண்டைக்குக் கிண்டுவார் அந்த மனுசன். மிச்சத்துக்குச் சீனி போட்டு, சாப்பிடாமல் வந்த பிள்ளையளைத் தனியக் கூப்பிட்டுக் குடுப்பார். "மிருதங்கத்துக்கு மட்டும் உப்புமில்ல சீனியுமில்ல அக்கா, அவர் பத்தியக்காரன்" எண்டு சிரிப்பார். உப்புப் பட்டாத் தோல் பழுதாகிப் போகுமாம்.

அவர் பிள்ளையளை ஏசி நான் கண்டதில்ல. தாளம் பிழைச்சா, பிழைச்ச இடத்தில இடது கையால மெல்லமா ஒரு தொம். அவ்வளவுதான். பிள்ளை தானா விளங்கித் திருத்திக்கொள்ளும்.

இனி என்ர கெட்டித்தனத்தைக் கேளுங்கோ. சுருதிப்பெட்டியின்ர காத்துப் பையில சின்னதா ஒரு கிழிசல் விழுந்துபோச்சு. ஒட்டுறதுக்குப் பசை தேடினா ஒரு கடையிலயும் இல்ல. மிருதங்கத்தில சுரண்டின ரவை கையில கிடக்கு, எறிய மனமில்ல, இதுவும் பசைதானே எண்டு நினைச்சு அதைத் தடவிக் கடதாசி ஒட்டினன். ரெண்டு நாள் பெட்டி நல்லாப் பாடிச்சு, நானும் என்ர மூளையை நானே மெச்சிக்கொண்டன். மூண்டாம் நாள் வந்து பாத்தா, எலி ரவையை மணந்து வந்து காத்துப் பையை முழுசா அரிச்சுப் போட்டுது. பெட்டி பாழ். ரீச்சர் ஒரு சொல்லு ஏசேல்ல. "யாழ்ப்பாணத்தில வீட்டில அம்மா தந்த சுருதிப்பெட்டி கிடக்கு, அது இருந்தா எவ்வளவு நல்லம்" எண்டு மட்டும் சொன்னா. நாதன் சேருக்கு அது காணும்.

பூநகரிக்குச் சைக்கிளில போய், அங்க வள்ளம் பிடிச்சு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு வெளிக்கிட்டிட்டார். நேவி சுடுற அந்தக் கடலால போன எல்லாரும் திரும்பி வந்ததில்ல, உங்களுக்குத் தெரியும்தானே. நான் வாசலில நிண்டு குழறினன், எல்லாம் என்னாலதானே எண்டு. "எலிக்கும் பசிதானே அக்கா, விடுங்கோ" எண்டார். எனக்கு முன்னாலதான் மிருதங்கத்தை வடிவாச் சுரண்டித் துடைச்சு, உறையைப் போட்டு, மண்டபத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். திறப்பை என்ர கையில தந்து, "நான் வந்து ரவை போடுமட்டும் இதை ஒருத்தரும் தொடப்படாது" எண்டார்.

மனுசன் வரேல்ல.

ஏழு மாசம். வள்ளம் கரை சேந்தது எண்டு சொல்லவும் ஆளில்ல, சேரேல்ல எண்டு சொல்லவும் ஆளில்ல. ரீச்சர் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் விடேல்ல, பொட்டும் தாலியுமா நேரத்துக்கு வந்து நிப்பா. ஆனா பாடுறதை விட்டிட்டா. சுரத்தை எழுதிக் காட்டுவா, கையால தாளம் போடுவா, மாஸ்டர் வயலினில வாசிப்பார், பிள்ளையள் அதைக் கேட்டுப் பாடுங்கள். ஒருக்கா என்னட்ட மட்டும், "நான் வாய் திறந்து கேட்டதாலதானே போனவர் அக்கா, இனி இந்த வாயால என்னத்தைப் பாடுறது" எண்டு சொன்னா. எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல இருந்தது.

சங்கீதப் பரீட்சை கிட்டிக்கொண்டு வந்தது. ஆறு பொம்பிளைப் பிள்ளையள், அதில என்ர மகள் செல்வியும் ஒண்டு. பரீட்சைப் பாட்டில ஒரு இடம் இருக்கு, தாளத்தை அடிச்சுப்போட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் பாட்டை எடுக்கவேணும். ஆறும் அந்த இடத்தில தாளம் பிழைச்சுத் தொபுக்கெண்டு விழுங்கள். வயலினைக் கேட்டு அது பிடிபடாது, ஒரு குரல் பாடிக் காட்டவேணும். "சுகந்தி, ஒரே ஒருக்காப் பாடிவிடம்மா" எண்டு மாஸ்டர் கும்பிடாத குறையாக் கேட்டார். ரீச்சர் குனிஞ்ச தலை நிமிரேல்ல. அவாவைப் பாத்தாலும் என்ர பிழை, பிள்ளையளைப் பாத்தாலும் என்ர பிழை. நான் வெளியில போய்க் கிணத்தடியில நிண்டு அழுதுட்டு வருவன்.

அப்பதான் அந்தச் சனிக்கிழமை. பேய்க்கதை எண்டா இருட்டு வேணும் எண்டு நினைப்பியள், இது பின்னேரம் மூண்டு மணி. மாரி மழை பெஞ்சுகொண்டிருக்கு, வகுப்புக்கு முன்னம் நான் கூட்டிக்கொண்டு நிக்கிறன், கிண்டின ரவை மணக்குது. அட, ஆற்ற வீட்டில இண்டைக்கு ராச போசனம் எண்டு நினைச்சு வெளியில எட்டிப் பாத்தன், வெளியில மழைமணம் மட்டும்தான். உள்ள வந்தா திரும்பவும் மணக்குது. மணத்தைப் பிடிச்சுக்கொண்டு போனா அலுமாரியடியில நிக்கிறன். திறந்து உறையைக் கழட்டினன். இடப்பக்கத்தில ரவை. வெள்ளை வெளேரெண்டு, ஈரமா. தொட்டுப் பாத்தன், இளஞ்சூடு.

"ஆரடா இதைத் தொட்டது!" எண்டு நான் போட்ட சத்தத்தில மாஸ்டர் குடையையும் எறிஞ்சுபோட்டு ஓடி வந்தார். "விசரே உனக்கு? திறப்பு உன்ர சீலைத் தலைப்பில கிடக்கு, என்னட்டக் கேக்கிறாய். பழைய ரவை ஒட்டிக் கிடந்திருக்கும், கூரை ஒழுகி ஊறியிருக்கும்" எண்டார். சேர் சுரண்டினதை நான் நிண்டு பாத்தனான். சரி, ஊறினதெண்டே வைப்பம், சூடும் கூரையாலயோ ஒழுகினது?

ரீச்சர் வந்து பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. "அக்கா, என்னைத் தேத்துறதுக்கு எண்டு இப்பிடியெல்லாம் செய்யாதேங்கோ" எண்டா, மெல்லமாத்தான் சொன்னா. ஐயோ, அதுக்கு அவா எனக்குக் கன்னத்தில ரெண்டு போட்டிருக்கலாம்.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு நான் இருந்து சுரண்டினன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன் தங்கச்சி, அந்தப் பஞ்சத்தில சுரண்டின ரவையை விரலால வழிச்சு நக்குறது எனக்குப் பழக்கம், சேர் இருக்கேக்கயே கள்ளமா நக்குவன், ஒரு ருசியும் இராது. அண்டைக்கும் கை தன்ர பாட்டில வாய்க்குப் போட்டுது. உப்பு. கறிக்குப் போடுற உப்பில்ல, கடல்தண்ணி வாய்க்குள்ள போனா ஒரு கசப்போட இருக்குமே, அந்த உப்பு. பல்லில மணல் நெருநெருத்தது.

எனக்கு விளங்கீட்டுது. செல்விக்கும் சொல்லேல்ல, மாஸ்டருக்கும் சொல்லேல்ல. ரீச்சருக்கு என்னெண்டு சொல்லுறது? அந்தப் பொட்டை நான் போய் அழிக்கிறதோ?

அடுத்த சனி நான் விளையாட்டா விடேல்ல. நிலத்தில இருந்து, அலுமாரியில முதுகை வடிவா முண்டு குடுத்து, திறப்பைக் கைக்குள்ள பொத்திக்கொண்டு காவலிருந்தன். பிள்ளையள் பாடத் தொடங்கினதுகள். அந்த இடம் வந்தது. விழுந்ததுகள்.

தொம்.

காதால கேட்டனான் எண்டு மட்டும் சொல்ல மாட்டன், பலகைக்குள்ளால என்ர முதுகெலும்புக்குள்ள வந்தது. பெரிய அடி இல்ல. மெல்லமா, கோவமில்லாமல், பிழைச்ச பிள்ளைக்குச் சொல்லுற அந்த அடி. செல்வி பாட்டை விட்டிட்டு என்னைப் பாக்கிறாள். மாஸ்டரின்ர வில்லு நரம்பில அப்பிடியே நிண்டுபோச்சு. பிறகு அவர் அது இடி எண்டு சாதிச்சவர், இடி என்ன தாளத்துக்கே இடிக்கும்? "திரும்பப் பாடுங்கோ" எண்டா ரீச்சர். தாளம் போடுற கை நிக்கேல்ல. பாடினதுகள், திரும்பவும் விழுந்ததுகள், திரும்பவும் என்ர முதுகில தொம்.

மூண்டாந் தரம் அந்த இடம் வர முன்னமே ரீச்சர் பாடிட்டா. ஏழு மாசம் பூட்டிக் கிடந்த குரல், முதல்ல கரகரத்துப் பிசிறடிச்சுது, பிறகு தெளிஞ்சுது. தாளத்தை அடிச்சு, பொறுத்து, சரியான இடத்தில எடுத்தா. ஆறும் அவாவோட சேந்து எடுத்ததுகள். ஒண்டும் விழேல்ல. அலுமாரி சத்தம் போடேல்ல. அவா பாடுறா, கண்ணால ஓடுது, துடைக்கவுமில்ல, நிப்பாட்டவுமில்ல. எனக்கு மூக்குச் சிந்தச் சீலைத் தலைப்புப் பத்தாமல் போச்சு.

பாடி முடிச்சு வந்து என்ர கையிலயிருந்து திறப்பை வாங்கினா. திறந்தா. ரவை ஈரமாக் கிடந்தது. மிருதங்கத்தை மடியில வைச்சுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சுரண்டினா. கனநேரம் எடுத்தா. பிறகு துடைச்சு, உறையைப் போட்டு, உள்ள வைச்சுப் பூட்டினா. "வாசிச்சு முடிஞ்சாச் சுரண்டவேணும்தானே அக்கா" எண்டா.

அதுக்குப் பிறகு அந்த மிருதங்கத்தில ஒரு நாளும் ரவை இருந்ததில்ல. ஆறு பிள்ளையளும் பாஸ். ரீச்சர் பொட்டையும் எடுக்கேல்ல, பாட்டையும் விடேல்ல. சனம் ரெண்டு விதமாக் கதைச்சது, கதைச்சுக் களைச்சுப்போய் விட்டிட்டுது. நான் அந்த உப்பை மட்டும் நெஞ்சுக்குள்ள வைச்சுப் பூட்டிக்கொண்டன்.

ரீச்சர் இப்ப வவுனியாவில இருக்கிறா, இப்பவும் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கிறா. போன மாசம் செல்வியின்ர கலியாணத்துக்குச் சொல்லப் போனன். விட்டாவே, குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்தி, சுடச்சுட ரவை கிண்டித் தந்தா. வாயில வைச்சா, சப்பெண்டு கிடக்கு.

"ரீச்சர், உப்பு மறந்திட்டியளோ?"

"மறக்கேல்ல அக்கா. அண்டைக்குச் சுரண்டினதுக்குப் பிறகு நான் ரவைக்கு உப்புப் போடுறேல்ல."

நான் கோப்பையை மடியில வைச்சன். அவா அடுப்பைப் பாத்துக்கொண்டு, "நீங்களும் வழமை போல வாயில வைச்சுப் பாத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. என்னட்ட வந்து சொல்லிப்போடுவியளோ எண்டு இவ்வளவு காலமும் பயந்துகொண்டிருந்தனான்" எண்டா.

நான் அவான்ர நெத்தியைத்தான் பாத்தன், கேக்கேல்ல. கேக்காமலே சொன்னா. "பிள்ளையள் பிழைக்குதுகள் எண்டு அந்தத் தண்ணிக்குள்ளால அவ்வளவு தூரம் வந்த மனுசன். அவர் திரும்ப ஒருக்கா வந்தா, என்னைப் பொட்டில்லாமல் காணலாமோ?"

ரெண்டு பேரும் ஒருத்தற்ற கையை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நல்லா அழுதம். பிறகு நான் அந்த ரவையை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுட்டுத்தான் எழும்பினன். அவர் வந்ததை நான் ஏற்றுக்கொண்டிட்டன், உப்புக்கும் காரணம் எனக்குத் தெரியும். விளங்காதது ஒண்டே ஒண்டுதான், இப்பவும் ரவை கிண்டுற நேரத்தில நினைப்பு வந்தா அகப்பையை வைச்சிட்டு அடுப்பைத்தான் பாப்பன். அண்டைக்கு நான் தொடேக்க அது இளஞ்சூடா இருந்தது. அந்தக் கடலுக்குள்ள அவருக்கு அடுப்பு மூட்டிக் குடுத்தது ஆர், தங்கச்சி?