கிரிவலம் போன ஜெர்மன் கேக்

கேக் தொழிலில் அடுப்பைவிட ஆட்களின் சூடுதான் ஜாஸ்தி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டில் கேக் சுட்டு விற்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? என்றைக்கு மாவு பொங்காமல் காலை வாருகிறதோ, அன்றைக்குத்தான் ஆர்டர் கொடுத்தவர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பார்.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்தேன். அங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு ஞாபகம் வந்தால் சமையலறையில் புகுந்து கேக் சுடுவார்கள். தேய்க்கிற சாக்கில் அத்தனையும் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் முதலாளியோடு பெரிய சண்டை. வேலையை விட்டேன். அந்தச் சண்டைக்கு நடுவிலேயே மூலையில் கிடந்த பழைய ஓவனைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அடி அண்ணாமலையில் வாடகைக்கு வீடு பிடித்தேன். என் கண்ணெல்லாம் ஆசிரமத்துப் பக்கம் காபிக் கடை வைத்திருக்கும் சண்முகம் அண்ணனின் கண்ணாடி அலமாரி மேல். அதைப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வேன் வந்து கேக்கால் நிரப்பிக்கொண்டிருந்தது. அலமாரி எனக்கு வேண்டும் என்று போய் நின்றேன். "ஆறு நாட்டுக்காரங்க உன் கேக்கைத் தின்னுட்டு 'இது எங்க வீட்டு கேக்'னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். ஒரு மணி நேரம் கத்தி நாலு நாடாகக் குறைத்தேன். கெடு, வெளிநாட்டுக்காரர்கள் வரும் சீசன் முடியும்வரை. அவர் கடைசியாகச் சொன்னது இது: "நாலுல ஒண்ணு கம்மியானாலும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

ஓடு வராத வீடு

முதல் தடை என் வீட்டுக்காரம்மா. கிரிவலப் பாதையைப் பார்த்த வாசல், அதனால் வீட்டுக்குள் முட்டை கூடாது என்பது அவர் சட்டம். முட்டை இல்லாமல் நாலு நாட்டுக்காரர்களை எப்படிச் சமாளிப்பது? கேக் எடுத்துப் போக ஏழுமலையின் ஆட்டோவைத்தான் பேசி வைத்திருந்தேன். தெருவில் நின்ற அந்த ஆட்டோவில், பின் சீட்டில் உட்கார்ந்து முட்டைகளை உடைத்தேன். முட்டை ஓடுகளை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, நுரை பொங்க அடித்ததை மூடி போட்ட தூக்கில் உள்ளே கொண்டு வந்தேன். ஏழுமலை சீட்டைத் துடைத்தபடி திட்டிக்கொண்டே இருந்தான். திட்டட்டும், வாடகையில் நான் ஒரு பைசா குறைக்கவில்லை.

ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள், கேக் வெந்த வாசனைக்கு வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார். தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். சரி, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடி மென்றுவிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்டுக்குள்ள முட்டை வராதுன்ற தைரியத்துலதாம்மா சாப்பிடறேன்."

இத்தாலிக்காரரின் அம்மா

இத்தாலியில் காலைக் காபிக்கு நடுவில் ஓட்டை போட்ட வளையக் கேக் ஒன்று உண்டாம். சண்முகம் அண்ணன் கடைக்கு வரும் மார்க்கோ என்பவர் கேட்டார். வளைய அச்சுக்கு எங்கே போவது? வட்டப் பாத்திரத்தின் நடுவில் எவர்சில்வர் டம்ளரை நிறுத்திச் சுட்டேன். சாப்பிட்டுவிட்டு, "எங்க அம்மா செய்யறது வேற மாதிரி இருக்கும்" என்றார். மறுபடி சுட்டேன். "எங்க அம்மா..." மூன்றாவது தடவையும் அதே பல்லவி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அப்போ உங்க அம்மாவையே கூட்டினு வாய்யா!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

மனுஷன் சளைக்காமல் போனை எடுத்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா இத்தாலிய மொழியில் கத்த, நான் தமிழில் கத்த, அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் அவர் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டினார். மாங்காய் சைசில், தடித்த தோலோடு இருந்தது. நான் நம்ம ஊர் எலுமிச்சையைக் காட்டினேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நாலு விரலைக் காட்டினார். ஒரு பழத்தின் தோலைச் சீவிப் போட்ட இடத்தில் நாலு பழத்தின் தோலைப் போட்டேன். மார்க்கோ சாப்பிட்டார், ஒத்துக்கொண்டார். முதல் நாடு முடிந்தது. கூடவே, அம்மாவிடமிருந்து வந்த சேதியையும் சொன்னார்: "இப்படிக் கத்தற பொம்பளை சமையல் மோசமா இருக்காதுன்னு அம்மா அன்னிக்கே சொன்னாங்க."

பேரம் தெரியாத யுகோ

ஜப்பானில் கஸ்தெரா என்று ஒரு கேக். வெண்ணெய் கிடையாது. முட்டை, சர்க்கரை, மாவு, தேன், அவ்வளவுதான். மரச்சட்டத்தில் ஊற்றிச் சின்னச் சூட்டில் சுட்டு, மூடி வைத்து மறுநாள்தான் வெட்ட வேண்டும். அதைக் கேட்ட யுகோ என்ற பெண், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்று குனிந்து கும்பிட்டாள். சண்முகம் அண்ணனும் ஒத்துக்கொண்டார். இரண்டாவது நாடு.

ஆனால் எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. நான் சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டிவிட்டாள்! குறைத்துக் கேட்பாள் என்று ஏற்றித்தானே சொன்னேன்? பேரமே இல்லாமல் காசு வாங்குவது உப்பில்லாத குழம்பு. மறுநாள் அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும், பிறகு ஒரு குறை சொல்ல வேண்டும், பிறகு எழுந்து நாலடி நடக்க வேண்டும். கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூஞ்சியை அஷ்டகோணலாக்கினாள், வாசல்வரை நடந்தாள். அங்கிருந்து தமிழிலேயே சொன்னாள்: "அக்கா, ஓரம் கோணல். பாதி விலை."

எட்டு அடுக்கு

ரஷ்யாவின் தேன் கேக்கை எட்டு அடுக்காகச் சுட வேண்டும். மாவைச் சப்பாத்திக் கட்டையில் தேய்த்து ஒவ்வொன்றாகச் சுட்டு, நடுவில் புளித்த பாலாடை தடவி அடுக்கினேன். அடுக்கிய சூட்டோடு கடைக்கு எடுத்துப் போனேன், அதுதான் தப்பு. கத்தி இறங்கவில்லை. சண்முகம் அண்ணன் கேக்கை மேஜையில் தட்டினார். பலகை மாதிரி சத்தம் வந்தது. "மூணாவது நாடு அவுட்டு" என்று சிரித்தார். கேட்டிருந்த ரஷ்யப் பெண்மணி மட்டும் பதறாமல், அதைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, நாளை மறுநாள் வருவதாகப் போய்விட்டார்.

இரண்டு நாள் நான் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அதே கேக் பஞ்சாகியிருந்தது. ஊற ஊறத்தான் அது கேக்காகுமாம்! ரஷ்யப் பெண்மணி தட்டை வழித்துச் சாப்பிட்டார். "அது அன்னிக்கே தோத்த கேக்காச்சே" என்று சண்முகம் அண்ணன் இழுக்க, நான் போட்ட சத்தத்தில் மூன்றாவது நாட்டையும் ஒத்துக்கொண்டார். ஆட்டோவில் திரும்பும்போது மீதித் துண்டைத் தின்றபடி ஏழுமலை சொன்னான்: "எட்டு சப்பாத்தியை அடுக்கி ஊற வெக்கறதுக்கு ரஷ்யா வரைக்கும் போகணுமாக்கா?"

விபூதி

மிச்சம் ஒரு நாடு. ஹான்ஸ் தாத்தா ஜெர்மன்காரர், எண்பது வயசு. இருபது வருஷமாக இங்கேயே இருக்கிறார். ஒவ்வொரு பௌர்ணமியும் மலை சுற்றுகிறவர், அந்த மார்கழியில் மூட்டுவலியால் கடைக்கு அடுத்த வீட்டோடு முடங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் ஊரில் உலர்ந்த பழங்கள் போட்டு நீளமான ரொட்டி மாதிரி ஒரு கேக் செய்வார்கள். முட்டை இல்லை. பழங்களை ஊற வைக்கச் சாராயத்துக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு போதும் என்று அவரிடம் பேசிக் குறைத்திருந்தேன். மேலே பொடித்த சர்க்கரையைப் பனி மூடினது போலக் கனமாகப் போட வேண்டும். போட்டேன். ஐந்து மணிக்கு சண்முகம் அண்ணன் கடையில் கேக் இருக்க வேண்டும்.

மத்தியானம் கேக்கோடு வாசலுக்கு வந்தால், தெருவெல்லாம் தலை. அன்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில் குடியிருந்துகொண்டு பௌர்ணமியை மறந்தவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "வண்டி விட மாட்டாங்கக்கா" என்று ஏழுமலை கையை விரித்துவிட்டான். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தால் கடைக்கு ஆறு கிலோமீட்டர். இருபதடி வைத்திருப்பேன். "மலை சுத்தறவங்களுக்கு எதிர்ல வரலாமாம்மா? செருப்பு வேற!" என்று ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். அவரோடு சண்டை போட்டால் பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். செருப்பை வாசலில் விட்டேன். பலகையில் கேக், மேலே வெள்ளைத் துணி, தலையில் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக எட்டு கிலோமீட்டர் சுற்றக் கிளம்பினேன்.

பாதி வழியில் காற்றில் துணி விலகியது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று பொடி. பக்தியோடு இரண்டு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். கை எட்டாதவர்கள் என்னை உட்கார்த்தி வைத்துத் தொட்டார்கள். "யோவ், அது கேக்குய்யா! தொடாதீங்கய்யா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். கத்தக் கத்த, "அம்மாவுக்கு அருள் வந்துடுச்சு" என்று விழுந்து கும்பிட்டார்கள். என் கோபத்தைப் பார்த்து ஓடியவர்களைத்தான் எனக்குத் தெரியும். கும்பிட்டவர்களை அன்றுதான் பார்த்தேன். விரலை நக்கிப் பார்த்த ஒருவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இந்த ஊர் விபூதி இனிக்குதுய்யா."

மொட்டைக் கேக்

ஐந்து மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். பலகையில் சர்க்கரை ஒரு சிட்டிகை இல்லை. பழுப்பாக மொட்டையாகக் கேக், அதன் மேல் யாரோ வைத்த மல்லிகைச் சரம், துணியெல்லாம் குங்குமம். சண்முகம் அண்ணன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரி வேன்காரரோடு பேசப் போனையே எடுத்துவிட்டார். எனக்குக் கத்தக்கூடத் தொண்டை இல்லை. நடந்ததை, தடியூன்றி வந்து காத்திருந்த ஹான்ஸ் தாத்தாவிடம் கம்மிய குரலில் சொன்னேன்.

தாத்தா மல்லிகையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு துண்டு வெட்டி மெதுவாக மென்றார். "பக்கத்து வீட்டு கேக்ல எல்லாம் சர்க்கரை இருக்கும்" என்றார் அவருடைய உடைந்த தமிழில். "உலகச் சண்டை முடிஞ்ச காலம். எங்க அம்மாகிட்ட சர்க்கரை இல்ல. இப்படி மொட்டையாதான் இருக்கும். இதுதான் எங்க வீட்டு கேக்." பிறகு மலைப்பக்கம் திரும்பி, "இந்தத் தடவை நான் சுத்தல. எனக்குப் பதிலா இது சுத்திடுச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கால் கொப்புளத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சண்முகம் அண்ணன் போனைக் கீழே வைத்தார். அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு அவர் கேட்டது இது: "வர்ற பௌர்ணமிக்கும் கேக்கை ஒரு சுத்து சுத்தினு வர்றியா செல்வி? 'கிரிவலம் வந்தது'ன்னு போர்டு வெச்சா விலையை ஜாஸ்தி பண்ணலாம்."

நாலு நாட்டு நாக்கோடு பேரம் பேசி அலமாரியைப் பிடித்துவிட்டேன். அந்த அலமாரிக்குள் குடியேறிய எறும்புகளோடுதான் இன்னும் பேரம் படியவில்லை.